சுக்கானை விட்ட கை

மிதக்க வேண்டிய பொருளில் ஓட்டை போடச் சொன்னால் கை தயங்கத்தான் செய்யும். மார்ச் மாதத்துச் சனிக்கிழமை. இங்கிலாந்தில் ப்ளிமத்துக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில் ஒரு படகு யார்டு. கட்டைகள் மேல் ஏற்றி முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த எங்கள் படகின் பின்பலகைக்கு எதிரே, ஏணியில் நின்றபடி டிரில் மெஷினை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். பலகையில் நான்கு இடத்தில் பென்சில் குறி. அந்த நான்கு குறிகளைப் போட இரண்டு வாரம் ஆகியிருந்தது. நடுக்கோட்டிலிருந்து அளந்து, அழித்து, மறுபடி அளந்து, தண்ணீர் மட்டம் எங்கே வரும் என்று பழைய பாசிக் கறையைப் பார்த்து யூகித்து. படகில் பாதிப் பங்கு என்னுடையது. மறு பாதி, அடுத்த தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தச்சருடையது. அவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்து, தப்பாகப் போட்ட ஓட்டையையும் எபாக்ஸி வைத்து அடைத்துவிடலாம், போடு என்றார். தச்சர்களுக்கு மட்டுமே வருகிற தைரியம் அது. விசையை அழுத்தினேன். என்னைவிடக் கொஞ்சமே வயது குறைந்த ஃபைபர்கிளாஸ், வெள்ளைத் தூளாக முகத்தில் பறந்தது.

இத்தனையும் ஓர் ஒட்டுப்பலகைத் துண்டுக்காக. துண்டின் கீழே சில பல்சக்கரங்கள், அதற்கும் கீழே தண்ணீருக்குள் இறங்கும் ஒரு துடுப்பு. எல்லாம் சேர்ந்து இருபது கிலோவுக்கு மேல். பாய்மரப் படகுக்காரர்கள் இதை விண்ட்வேன் என்பார்கள். படகைத் தள்ளுகிற காற்றே சுக்கானையும் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு. பேட்டரி வேண்டாம், மோட்டார் வேண்டாம், திசைகாட்டி வேண்டாம், ஆளும் வேண்டாம்.

சுக்கான் பிடிப்பதைப் பற்றி எழுதியவர்கள் பலர் அதை ஒரு தவம்போலச் சித்தரித்திருக்கிறார்கள். முதல் ஒரு மணி நேரத்துக்கு அது உண்மை. கையில் டில்லர் என்கிற சுக்கான் கட்டை, அதன் வழியே படகின் உடம்பு, அதற்கு அப்பால் கடல். மூன்றாவது மணி நேரத்தில் தவம் கலைந்து இடுப்பு வலி மிஞ்சும். டீ போட முடியாது. வரைபடத்தைப் பார்க்க முடியாது. பாய் எங்கோ படபடக்கிறது, போய் இழுத்துக் கட்ட முடியாது. சிறுநீர் கழிக்கக்கூட யாராவது வந்து பிடித்துக்கொள்ள வேண்டும். படகு முழுக்கச் சுதந்திரமாகத் திரிய, அதை ஓட்டுகிறவன் மட்டும் ஒரு கட்டைக்குக் கட்டுண்டு உட்கார்ந்திருக்கிறான். தனியாகக் கடல் கடக்க நினைத்தவர்கள் எல்லோருக்கும் முதலில் வந்து நின்ற கேள்வி புயல் பற்றியதல்ல, தூக்கம் பற்றியது.

ஜோஷுவா ஸ்லோகம் 1895ல் பாஸ்டனிலிருந்து 'ஸ்ப்ரே' என்ற 37 அடிப் படகில் கிளம்பி, மூன்று ஆண்டுக்கு மேல் எடுத்து, உலகைத் தனியாகச் சுற்றி வந்த முதல் மனிதர் ஆனார். சுக்கான் பிடிக்க அவரிடம் எந்தக் கருவியும் இல்லை. சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டு உள்ளே போய்ப் படிப்பார், சமைப்பார், தூங்குவார். ஆஸ்திரேலியாவின் வடமுனையில் உள்ள தர்ஸ்டே தீவிலிருந்து இந்தியப் பெருங்கடலின் கீலிங் கொக்கோஸ் தீவுகள்வரை 2700 மைல், 23 நாள். அதில் சுக்கானருகே தான் இருந்த நேரம் மொத்தமே மூன்று மணிக்குள் என்று எழுதியிருக்கிறார். அவர் பயணக் கதையில் எனக்கு மறக்காத இடம் வேறொன்று. அசோரஸ் தீவுகளில் கொடுத்த பிளம் பழத்தையும் வெள்ளைப் பாலாடைக்கட்டியையும் சேர்த்துத் தின்று, வயிற்று வலியில் சுருண்டு, அறைத் தரையில் விழுந்து கிடக்கிறார். வெளியே பெருங்காற்று. கண் திறந்து பார்த்தால் சுக்கானருகே நெட்டையாக யாரோ நிற்கிறான். கொலம்பஸின் 'பின்டா' கப்பலின் மாலுமி நான், உன் படகை இன்றிரவு நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். காலையில் எழுந்து பார்த்தால் படகு போட்ட வழியிலேயே போய்க்கொண்டிருக்கிறது. காய்ச்சல் பிதற்றல்தான். ஆனால் சுக்கானைக் கட்டிவிட்டுத் தூங்கப் போகும் எவனுக்கும் இந்த ஆவி தேவைப்படும் என்று நினைக்கிறேன். தன் இடத்தில் ஒருவர் நிற்கிறார் என்று நம்பாமல் கண்ணை மூட முடியாது.

அந்த ஆவிக்கு ஒட்டுப்பலகையில் உடம்பு கொடுத்தவர்களில் முக்கியமானவர் 'பிளாண்டி' ஹாஸ்லர். பிரிட்டனின் ராயல் மரீன்ஸ் படை அதிகாரி. 1942 டிசம்பரில் சிறு தோணிகளில் ஒன்பது பேருடன் ஆற்று வழியே போர்டோ துறைமுகத்துக்குள் புகுந்து ஜெர்மன் கப்பல்களுக்கு வெடி வைக்கப் போன குழுவின் தலைவர். உயிரோடு திரும்பிய இருவரில் ஒருவர். போருக்குப் பின் அவர் மனம் முழுவதும், சின்னப் படகை ஓர் ஆள் அலுங்காமல் ஓட்டுவது எப்படி என்பதில்தான் இருந்தது. தன் 'ஜெஸ்டர்' படகுக்குச் சீனப் பாய் கட்டினார், உட்கார்ந்த இடத்திலிருந்தே ஏற்றி இறக்கலாம் என்பதற்காக. சுக்கானுக்குக் காற்றுப் பலகை வைத்தார். அட்லாண்டிக்கைத் தனியாக, கிழக்கிலிருந்து மேற்காக, அதாவது காற்றுக்கு எதிராகக் கடக்கும் போட்டி ஒன்று வேண்டும் என்று அவர் அலைந்து அலைந்து கேட்டதன் பலன்தான் 1960 ஜூனில் இதே ப்ளிமத்திலிருந்து ஐந்து பேர் நியூயார்க்குக்குக் கிளம்பியது. போட்டியின் பின்னால் அரை கிரவுன் பந்தயம் ஒன்று இருந்ததாகச் சொல்வார்கள்.

வென்றவர் ஃபிரான்சிஸ் சிச்செஸ்டர். வயது 58. இரண்டு ஆண்டு முன்புதான் நுரையீரலில் புற்றுநோய் என்று மருத்துவர்கள் கைவிரித்திருந்தார்கள். லண்டனில் வரைபடம் விற்கிற கடைக்காரர். இளமையில் தனியாக விமானம் ஓட்டியவர். சுக்கானுக்கு யோசனை தேடி அவர் போன இடம் கென்சிங்டன் பூங்காவின் வட்டக் குளம். அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்கள் பொம்மைப் பாய்மரப் படகு விடுவார்கள். பொம்மைப் படகில் ஏறிச் சுக்கான் பிடிக்க யாராலும் முடியாது, அதனால் அவர்கள் எப்போதோ ஒரு காற்றாடித் தகட்டைச் சுக்கானோடு இணைத்துவிட்டிருந்தார்கள். பெருங்கடலைக் கடக்கும் யுக்தி பொம்மைப் படகுக் குளத்தில் மிதந்துகொண்டிருந்தது. சிச்செஸ்டர் அதைப் பெரிதாக்கி, படகின் பின்முனையில் தனி மரம் நட்டு, பாய்த்துணி கட்டி, அதற்கு 'மிராண்டா' என்று பெயரும் வைத்தார். 40 நாளில் நியூயார்க். ஹாஸ்லர் 48 நாளில் வந்து சேர்ந்தார். முதல் பரிசு சிச்செஸ்டருக்கு என்றாலும், அதன் பிறகு உலகத்துப் படகுகளின் பின்புறத்தில் ஏறி உட்கார்ந்தது ஹாஸ்லரின் யோசனைதான். மிராண்டா மாதிரி பெரிய பாய் கட்ட யாருக்கும் பொறுமையில்லை.

ஹாஸ்லரின் யோசனையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், அது அவ்வளவு அழகானது. கத்தி முனையைக் காட்டுவதுபோல, பலகையின் விளிம்பு காற்றுக்கு நேராக இருக்கும்படி திருப்பிப் பூட்டிவிட வேண்டும். படகு சரியான கோணத்தில் போகும்வரை காற்று பலகையின் இரு பக்கமும் வழுக்கிக்கொண்டு போகும். படகு கொஞ்சம் திரும்பினால் காற்று பலகையின் முகத்தில் அடிக்கும், பலகை சாயும். சாய்கிற அந்த அசைவில் பலம் என்று ஒன்றுமே கிடையாது, சுண்டுவிரலால் தடுத்துவிடலாம். சுக்கானைத் திருப்ப அது எந்த மூலைக்கு? ஆகவே அது சுக்கான் பக்கமே போவதில்லை. தண்ணீருக்குள் செங்குத்தாகத் தொங்கும் துடுப்பை அதன் அச்சிலேயே லேசாக முறுக்கிவிடுகிறது, அவ்வளவுதான். ஓடுகிற தண்ணீரில் நேராக நிற்கும் துடுப்பைத் தண்ணீர் கண்டுகொள்வதில்லை. கொஞ்சம் முறுகியதோ இல்லையோ, ஓங்கி ஒரு பக்கமாகத் தள்ளும். துடுப்பு கடிகார ஊசல்போல் பக்கவாட்டில் எழும். அதன் மேல்முனையில் கட்டிய இரண்டு கயிறுகள் கப்பிகள் வழியே ஓடிவந்து டில்லரை இழுக்கும். படகு சரியான கோணத்துக்குத் திரும்பியதும் பலகை நிமிரும், துடுப்பும் தன் இடத்துக்கு வரும். சொல்வது பலகை, இழுப்பது கடல். படகின் வேகம் இரட்டித்தால் அந்தத் தள்ளு நான்கு மடங்கு ஆகும். காற்று ஏறி, சுக்கான் கனத்து, மனிதக் கை சோர்கிற நேரத்தில்தான் இதற்குத் தெம்பு கூடும். மென்காற்றில், அதுவும் காற்று பின்னாலிருந்து வரும்போது, சோம்பேறி. படகு காற்றோடு சேர்ந்தே ஓடுவதால் பலகைக்கு எட்டுகிற காற்று கொஞ்சமாகிவிடும். பலகை குடிகாரன்போல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருக்கும்.

எங்களுடையது பழசு. விற்றவர் நல்ல நிலையில் இருக்கிறது என்றுதான் சொன்னார். வீட்டுக்கு எடுத்து வந்து பிரித்தால், அலுமினிய உடலுக்கும் எஃகு அச்சுக்கும் நடுவில் உப்பும் வெள்ளைப் பொடியும் கெட்டித்து, சுழல வேண்டியது எதுவும் சுழலவில்லை. இரண்டு வேறு உலோகத்தைக் கடல்தண்ணீரில் தொட்டுக்கொள்ள விட்டால் ஒன்று இன்னொன்றைத் தின்னும். சமையலறையில் பெரிய பாத்திரத்தில் வினிகரும் வெந்நீருமாக ஊறப்போட்டேன். மூன்று நாள் வீடு முழுக்க ஊறுகாய் வாடை. நான்காம் நாள் அச்சு அசைந்தது. புது நைலான் வளையங்கள் போட்டு, இம்முறை இரண்டு உலோகத்துக்கும் நடுவில் பசை தடவிப் பூட்டினோம். உட்பக்கம் பின்பலகைக்கு முட்டாக ஒரு கனத்த பிளைவுட் துண்டு, பெரிய வாஷர், தானாகக் கழலாத நட்டு. இந்த நட்டு விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதம் பிடித்தேன். 1968ல் உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் போட்டிக்குக் கிளம்பிய டொனால்ட் க்ரோஹர்ஸ்டின் படகில், ஹாஸ்லர் கருவியின் திருகாணிகள் அதிர்வில் கழன்று கடலில் விழுந்தன. அவர் கதை போன போக்குக்கு அந்தத் திருகாணிகளைக் குற்றம் சொல்ல முடியாது. பொய்யான இடக்குறிப்புகள், மனப்பிறழ்வு, கடைசியில் அட்லாண்டிக் நடுவே ஆளில்லாத படகு. இருந்தாலும் ஒவ்வொரு நட்டை இறுக்கும்போதும் அவர் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தார்.

மே மாதம் படகு தண்ணீரில் இறங்கியது. முதல் ஒத்திகை ப்ளிமத் வளைகுடாவிலேயே. மேற்கிலிருந்து நல்ல காற்று, படகு நான்கு நாட் வேகம். பலகையைக் காற்றுக்கு நேராக்கிப் பூட்டினேன். தச்சர் டில்லரில் மாட்டிய சங்கிலியை அதன் கொக்கியில் போட்டுவிட்டுக் கையை எடுத்தார். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். இரண்டு விநாடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு படகு ஒரு முடிவுக்கு வந்ததுபோலக் காற்றுப் பக்கம் திரும்பியது. பலகை சாய்ந்தது, துடுப்பு எழும்பியது, டில்லர் நகர்ந்தது. படகு இன்னும் வேகமாகக் காற்றுப் பக்கமே சுழன்று, பாய்கள் படபடத்து, குறுக்குக் கட்டை எங்கள் தலைக்கு மேலே பறந்து போனது. மறுபடி முயன்றோம். மறுபடி அதேதான். பலகையை முறைத்தோம், துடுப்பை முறைத்தோம், விற்றவரை வைதோம். மூன்றாம் முறைதான் தச்சர் கயிறுகளைக் கையால் பிடித்துத் தொடர்ந்து பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். இடதுக் கயிற்றை வலதுக் கப்பியிலும் வலதை இடதிலும் ஓட்டியிருந்தோம். கருவி தன் வேலையைத் துல்லியமாகத்தான் செய்திருக்கிறது. படகு விலகும்போதெல்லாம் இன்னும் விலகு என்று எங்கள் கயிறு சொல்லியிருக்கிறது.

கயிற்றை மாற்றினோம். இப்போது படகு சுழலவில்லை, பதிலாகப் பாம்பாக நெளிந்தது. பின்னால் தண்ணீரில் விழுந்த தடம் கோலத்துச் சிக்குபோல் இருந்தது. கயிற்றில் தொய்வு என்று கண்டுபிடித்து இழுத்துக் கட்டினோம். துடுப்பு ஆடுவதால் கிடைக்கும் கயிற்று ஓட்டமே ஒரு சாண், ஒன்றேகால் சாண்தான். அதில் நான்கு விரற்கடை தொய்வுக்குப் போனால் மிச்சம் என்ன இருக்கும்? கொஞ்சம் தேறியது. அப்படியும் நெளிவு நிற்கவில்லை. டில்லர் எப்போதும் ஒரே பக்கமாக இழுபட்டு நின்றது, கயிறு வீணைத் தந்திபோல் விறைத்திருந்தது. கருவியின் மேல் இருந்த நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. பெரிய பாயை ஒரு மடிப்புச் சுருக்கிப் பார்ப்போம் என்றார் தச்சர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. இந்தக் காற்றுக்கு முழுப் பாய் தாங்கும், பத்து வருஷமாக இப்படித்தான் ஓட்டுகிறேன் என்றேன். அவர் பதில் சொல்லாமல் எழுந்துபோய்ச் சுருக்கினார்.

படகு நிமிர்ந்தது. கயிறு தளர்ந்தது. டில்லர் நடுவுக்கு வந்து, உறக்கத்தில் மூச்சு விடுகிறவர் மார்புபோல் இந்தப் பக்கம் ஒரு விரற்கடை, அந்தப் பக்கம் ஒரு விரற்கடை என்று ஏறி இறங்கத் தொடங்கியது. வேகம் குறையவே இல்லை. குறைந்திருந்தால் வாதாட ஏதாவது இருந்திருக்கும்.

அன்றைக்கு வீடு திரும்பியும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பத்து வருஷமாக என் படகு காற்றுப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அளவுக்கு மீறிப் பாய் விரித்துவிட்டு, அந்தப் பிழையை நானே என் வலது தோளால் சுமந்துகொண்டு, அதற்குச் சுக்கான் பிடிப்பது என்று பெயர் வைத்திருக்கிறேன். தோள் வலித்தால் நன்றாக ஓட்டியிருக்கிறேன் என்று பெருமை வேறு. பலகைக்குத் தோள் கிடையாது, பெருமையும் கிடையாது. சமன்படாத படகை அது ஓட்ட மறுத்துவிட்டது. அந்தக் கருவி படகை ஓட்டுகிறது என்று சொல்வதுகூடச் சரியில்லை. தானாகவே ஓரளவு நேராகப் போகிற படகு எங்கே கொஞ்சம் வழுவுகிறதோ அங்கே அது தொட்டுவிடுகிறது. ஸ்லோகம் கயிற்றைக் கட்டிவிட்டுப் படிக்கப் போனதன் ரகசியமும் இதுதான். 'ஸ்ப்ரே' படகைக் கையால் பிடித்து நேராக்க வேண்டிய தேவையே அனேகமாக இருந்ததில்லை.

கருவி உடைந்தவர்களின் கதைகளை அதற்குப் பிறகு வேறு மாதிரி படிக்கிறேன். 1966ல் சிச்செஸ்டர் 'ஜிப்ஸி மாத் 4' படகில் உலகைச் சுற்றக் கிளம்பியபோது சிட்னிக்கு 2300 மைல் இருக்கையில் அவருடைய சுய சுக்கான் முறிந்து போனது. முதலில் பயணம் முடிந்தது என்றே நினைத்திருக்கிறார். பிறகு சின்னப் புயல் பாய் ஒன்றை ஏற்றி, அதன் இழுகயிற்றை டில்லரோடு இணைத்து, பாயையே பலகையாக்கிச் சிட்னி போய்ச் சேர்ந்தார். இரண்டு ஆண்டு கழித்து, கோல்டன் குளோப் போட்டியில், ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனின் 'சுஹைலி'. பம்பாயில் தேக்கில் கட்டிய 32 அடிப் படகு. அதன் கருவியும் ஆஸ்திரேலியாவை நெருங்கும்போது உதவாமல் போனது. மிச்சமிருந்த பாதி உலகத்தை அவர் பாய்களைச் சமன் செய்தும் டில்லரைக் கட்டியும் முடித்து, 312 நாளில் ஃபால்மவுத் வந்து சேர்ந்தார். எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் ஆள்.

அந்தப் போட்டியின் ஐம்பதாம் ஆண்டில், 1968ன் தொழில்நுட்பத்தை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி சுற்ற வேண்டும் என்று ஒரு போட்டி நடத்தினார்கள். மின்சார ஆட்டோபைலட் கூடாது, விண்ட்வேன் மட்டுமே. இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமி 'சுஹைலி'யின் அச்சாகக் கோவாவில் கட்டிய 'துரியா'வில் போனார். 2018 செப்டம்பர் 21 அன்று இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் புயலில் பாய்மரங்கள் முறிந்து, முதுகெலும்பில் அடிபட்டு, நகர முடியாமல் படுத்துக் கிடந்தவரை மூன்று நாள் கழித்து பிரெஞ்சுக் கப்பல் ஒன்று மீட்டது. 2022ல் அதே போட்டிக்கு மறுபடி போனார். இம்முறை அவரை விடாமல் படுத்தியது சுய சுக்கான்தான். படகுக்குள் இருந்த பலகையை அறுத்து அறுத்து அதற்கு உறுப்பு செய்துபோட்டு, 236 நாளில், இரண்டாவதாக வந்து சேர்ந்தார். முதுகில் உலோகம் வைத்த மனிதர் கடல் நடுவே உட்கார்ந்து மரம் அறுக்கும் காட்சியை, செய்தி படித்த நாளிலிருந்து என்னால் மறக்க முடியவில்லை. போட்டியிலிருந்து விலகியவர்களில் சிலரை விரட்டியதும் புயலைவிட இந்தப் பலகையும் துடுப்பும்தான்.

எங்கள் படகு தண்ணீரில் இறங்கிய அதே ஆண்டு ஜூலையில் நாங்களும் போனோம், அவ்வளவு தூரமெல்லாம் இல்லை. ப்ளிமத்திலிருந்து ஆங்கிலக் கால்வாயைக் குறுக்கே கடந்து பிரான்சின் ராஸ்காஃப்வரை நூறு மைலுக்குச் சற்றுக் குறைவு. மேற்குக் காற்று. தெற்கே முனையை வைத்துப் பலகையைப் பூட்டிவிட்டு மத்தியானம் முழுக்க டில்லரைத் தொடவில்லை. தச்சர் இரண்டு முறை டீ போட்டார். நான் எனக்குப் பழக்கமில்லாத ஒரு காரியம் செய்தேன், கடலைப் பார்த்தேன். சுக்கான் பிடிக்கும்போது பார்ப்பது கடல் அல்ல, அடுத்த அலை.

எங்கள் ஊர்ப் பக்கம், சந்தை முடிந்து திரும்பும் மாட்டுவண்டியில் வண்டிக்காரர் துண்டை விரித்துத் தூங்கிக்கொண்டு வருவார். மாடு பாட்டுக்கு நடந்து வந்து வீட்டு வாசலில் நிற்கும். கழுத்து மணி நின்றதும்தான் அவருக்கு விழிப்பே வரும். அன்று மத்தியானம் எனக்கு அந்த வண்டிதான் ஞாபகம் வந்தது. தச்சரிடம் சொன்னேன். இங்கிலாந்திலும் பால்வண்டிக் குதிரைகள் அப்படித்தான் இருந்தன, தானாகவே வீட்டுக்கு வீடு நிற்கும் என்றார்.

இரவு ஒரு மணியிலிருந்து என் முறை. அவர் உள்ளே போய்ப் படுத்தார். கால்வாயின் நடுப்பகுதி, கிழக்கும் மேற்குமாகப் பெரிய சரக்குக் கப்பல்கள் வரிசையாகப் போகும் இடம். ஒரு கப்பலின் விளக்கைக் கண்டால் அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று கவனிக்க வேண்டும். நகராமல் ஒரே இடத்தில் பெரிதாகிக்கொண்டே வந்தால் ஆபத்து. கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். படகு அவ்வளவு அமைதியாக ஓடியது. பாய் ஒருமுறைகூடப் படபடக்கவில்லை, கயிறு ஒருமுறைகூட முனகவில்லை. இவ்வளவு நல்ல ஓட்டம் வாய்த்ததே இல்லை என்று நினைத்துக்கொண்டேன். இரண்டரை மணிக்கு, குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டு, ஏதோ தோன்றித் திசைகாட்டியில் டார்ச் அடித்தேன். தென்கிழக்கு. ராஸ்காஃபை வலது பக்கம் விட்டுவிட்டு, வேறெங்கோ போய்க்கொண்டிருந்தோம்.

எதுவும் பழுதாகவில்லை. மேற்குக் காற்று ஒன்றரை மணி நேரத்தில் மெல்ல மெல்லத் தென்மேற்காகத் திரும்பியிருந்தது. காற்றோடு சேர்ந்து பலகை திரும்பியது, பலகையோடு படகு திரும்பியது. காற்றுக்கும் பாய்க்கும் உள்ள கோணம் நூலளவு மாறவில்லை, அதனால்தான் அந்த அமைதி. திசை மாறியது என்பது எனக்கு மட்டும்தான். பலகைக்குத் திசை என்ற ஒன்று கிடையாது. ராஸ்காஃப் கிடையாது, ப்ளிமத் கிடையாது. மாட்டுக்கு வீடு தெரியும், தொட்டியில் தவிடு இருப்பது தெரியும். இதற்குத் தெரிந்ததெல்லாம் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது மட்டும். சொன்ன கோணத்தில் நிற்கும்; அதற்காகப் பாறை மேலும் ஏற்றிவிடும். இதே இடத்தில் மின்சார ஆட்டோபைலட் இருந்தால் திசையை விடாமல் பிடித்திருக்கும், பாய்கள் படபடத்து என்னை உஷார்ப்படுத்தியிருக்கும். அதுவும் ஒருவகை முரட்டுத்தனம்தான், ஆனால் சத்தம் போடும் முரட்டுத்தனம். நான் மாட்டிக்கொண்டது சத்தமே போடாத இணக்கத்திடம்.

பாயை இழுத்துக் கட்டி, பலகையைப் பல் பல்லாகத் திருப்பி, காற்றை இன்னும் நெருக்கிப் பிடித்துத் தெற்கே திரும்பினேன். படகு சாய்ந்து, அலையில் மோதி, சத்தம் போட ஆரம்பித்தது. தச்சர் விழித்துக்கொண்டு என்ன ஆயிற்று என்று கேட்டார். இப்போதுதான் சரியாகப் போகிறோம் என்றேன்.

கப்பல்கள் மோதாமல் தடுக்க 1972ல் வகுத்த சர்வதேச விதிகளில் ஐந்தாவது, எல்லாக் கப்பலும் எல்லா நேரமும் கண்ணாலும் காதாலும் காவல் பார்க்க வேண்டும் என்கிறது. தனியாகக் கடல் கடப்பவர்கள் தூங்கும்போதெல்லாம் அந்த விதியை மீறிக்கொண்டுதான் தூங்குகிறார்கள். கப்பல் தடங்களுக்கு அருகே இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அலாரம் வைத்து எழுந்து பார்ப்பார்கள். அடிவானத்தில் தெரியாத கப்பல் வந்து சேர அவ்வளவு நேரமாவது ஆகும் என்பது கணக்கு. கணக்கு தப்பியதும் உண்டு. பலகை எனக்குத் தந்தது கைக்கு விடுதலை, அவ்வளவே. கண்ணுக்குத் தரவில்லை. கை ஓய்ந்ததும் கண்ணும் ஓயப் பார்க்கும் என்பதுதான் அந்த இரவு நான் கண்டது.

இன்னொன்று. சுக்கான் பிடிக்க ஆளில்லாத படகு முன்பெல்லாம் காற்றுப் பக்கம் திரும்பி, பாய் படபடத்து நின்றுவிடும். ஒருவன் தவறி விழுந்தாலும் நீந்திப் பிடிக்க ஒரு வாய்ப்பு இருந்தது. இப்போது நிற்காது. தள்ளாடாமல், வேகம் குறையாமல், போட்ட கோணத்தில் போய்க்கொண்டே இருக்கும். ஐந்து நாட் வேகத்தில் போகிற படகை எந்த நீச்சல்காரனும் எட்டிப் பிடிக்க முடியாது.

திரும்பி வரும்போது, ராஸ்காஃப் கடையில் வாங்கிய மிதக்கும் மஞ்சள் கயிறு முப்பது மீட்டரைப் படகின் பின்னால் இழுத்துவிட்டோம். அதன் ஒரு முனையை டில்லர் சங்கிலியின் கொக்கியில் கட்டியிருக்கிறோம். விழுந்தவன் அதைப் பிடித்து இழுத்தால் கொக்கி கழன்று, பலகையின் பிடி விட்டு, படகு காற்றுப் பக்கம் திரும்பி நின்றுவிட வேண்டும். வளைகுடாவில் ஒரு பழைய வாளியைக் கட்டி இழுத்துப் பார்த்தோம். முதல் முறை கழன்றது. இரண்டாம் முறை கழலவில்லை. மூன்றாம் முறை கழன்றது. கொக்கியை அரத்தால் தேய்த்து வழவழப்பாக்கி, எண்ணெய் விட்டிருக்கிறார் தச்சர். வாளி இன்னும் படகிலேயே இருக்கிறது. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அதைத் தூக்கிப் போட்டு ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் போகிறோம்.